ஊர் வாய் அல்ல, வீட்டு மௌனமே!

(பட்டிமன்றத் தலைப்பு: மனம் நொந்து மதுவில் விழும் இளம்பிள்ளைகளை மருத்துவரிடம் போகவிடாமல் தடுப்பது பெரிதும் ஊர் வாயா? வீட்டு மௌனமா? – ‘வீட்டு மௌனமே’ என்ற அணியில் பேசியது)

நடுவர் அவர்களே! ஊரையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! என் அணித் தோழர்களே! இந்த அரங்கத்திலும், வீட்டிலே தொலைக்காட்சிக்கு முன்னாலும் அமர்ந்திருக்கிற தாய்மார்களே, பெரியோர்களே!

எனக்கு முன்னாலே பேசிய பேராசிரியர் அய்யா, ஊர் வாயைத் துவைத்துப் பிழிந்து காயப்போட்டுவிட்டார். “உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?” என்று பழமொழி வேறு சொன்னார். நீங்கள் எல்லாரும் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். ஏன் தட்டினேன் தெரியுமா? அய்யா அவரையும் அறியாமல் என் கட்சிக்குப் பேசிவிட்டார்! (சிரிப்பு)

யோசிச்சுப் பாருங்க. ஊர் வாயை மூட முடியாது. சரி. நேற்றும் மூட முடியலே, நாளைக்கும் முடியப் போறதில்லே. அப்படியானால் மூடவே முடியாத வாய் மூடட்டும் என்று, நோயாளிப் பிள்ளையை வீட்டிலே வைத்துக்கொண்டு எத்தனை நாள் காத்திருப்பது? வெளியே மழை கொட்டுகிறது. வீட்டிலே மகளுக்குப் பிரசவ வலி. “மழை நின்னாத்தான் ஆஸ்பத்திரிக்குப் போவேன்” என்று எந்தத் தாயாவது உட்கார்ந்திருப்பாளா? குடையைப் பிடித்துக்கொண்டாவது ஓடுவாளா இல்லையா? ஊர் வாய் மழை மாதிரி. அது பெய்யத்தான் பெய்யும். மழையின் மேலே கேஸ் போடாதீர்கள். குடையை எடுக்காமல் கதவைச் சாத்திக்கொண்ட வீட்டைக் கேளுங்கள் என்கிறேன். (கைதட்டல்)

நம்ம கல்யாணப் பந்தியிலே உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? இலையிலே ஜாங்கிரி விழப்போகும். ஒருத்தர் கையை நீட்டித் தடுப்பார். “வேண்டாம்ப்பா, எனக்குச் சுகர்.” உடனே பக்கத்து இலைக்காரருக்கு உற்சாகம் வந்துவிடும். “உங்களுக்கு எவ்வளவு சார்?” “இருநூத்தி எண்பது.” “அட, அதெல்லாம் ஒரு சுகரா? எனக்கு முந்நூத்தி அறுபது! ரெண்டு வேளை இன்சுலின்!” என்னவோ மகன் பிளஸ் டூவிலே எடுத்த மார்க்கைச் சொல்கிற மாதிரி சொல்வார். (பலத்த சிரிப்பு) அப்புறம் எந்த டாக்டர், என்ன மாத்திரை, வெந்தயத்தை ஊறப்போட்டுச் சாப்பிட்டால் குறையுமா என்று ரசம் வருகிற வரைக்கும் பேச்சு நடக்கும்.

அதே பந்தியிலே ஒருத்தர், “என் பையனுக்கு ஆறு மாசமா மனசு சரியில்லே. கொஞ்சம் குடிப்பழக்கமும் வந்துடுச்சு. மனநல டாக்டர்கிட்டே காட்டிக்கிட்டிருக்கோம்” என்று சொல்லிப் பார்க்கட்டும். சாம்பார் வாளியோடு வருகிறவர்கூட அப்படியே நின்றுவிடுவார்!

“பாத்தீங்களா, அதுதான் ஊர்!” என்று எதிரணியிலே தலையாட்டுகிறார்கள். அய்யா, அந்தப் பந்தியிலே உட்கார்ந்திருப்பது யார்? நம்ம சித்தப்பா, நம்ம மாமா, நம்ம சம்பந்தி. ஊர் என்பது செவ்வாய்க் கிரகத்திலிருந்து வந்து இறங்கவில்லை. நூறு வீடு சேர்ந்தால் ஊர். சர்க்கரை நோயை இந்த ஊர் எப்படிச் சாதாரணமாகப் பேசக் கற்றுக்கொண்டது? ஒவ்வொரு வீடாக வெளியே சொன்னதால் கற்றுக்கொண்டது. மன நோயை ஒவ்வொரு வீடும் பீரோவுக்குள்ளே பூட்டி வைத்தால், ஊருக்குக் கேலி பேசுவதைத் தவிர வேறு என்ன பாஷை தெரியும்?

இன்னொன்று சொல்கிறேன். சென்னையிலே கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. 1794-இல் ஆரம்பித்தது. இருநூறு வருஷத்துக்கு மேலாக நம் ஜனங்களுக்கு வைத்தியம் பார்க்கிற இடம். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்படும் சாரதா மேனன் அம்மையார் தலைமை தாங்கி நடத்திய இடம். அந்த அம்மாவுக்கு 1992-இல் பத்மபூஷண் கொடுத்தார்கள். ஆனால் அந்த இடத்தின் பெயரை நாம் என்ன செய்து வைத்திருக்கிறோம்? வசவாக ஆக்கிவிட்டோம்! “ஏண்டா, கீழ்ப்பாக்கம் கேஸா நீ?” சினிமாவிலே சொல்கிறார்கள், திண்ணையிலே சொல்கிறார்கள்.

நடுவர் அவர்களே, வகுப்பறையிலும் சொல்கிறார்கள். நான் சொல்லியிருக்கிறேன். இருபத்தாறு வருஷமாகத் தமிழாசிரியை நான். வீட்டுப் பாடம் எழுதாமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கிற பையனை, “உன்னைக் கீழ்ப்பாக்கத்திலே சேர்த்தாத்தான் சரிப்படுவே” என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! வகுப்பே சிரிக்கும். நானும் சிரிப்பேன். அந்தப் பையன் மட்டும் சிரிக்கமாட்டான்.

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015–16-இல் பன்னிரண்டு மாநிலங்களிலே தேசிய மனநல ஆய்வு நடத்தியது. தமிழ்நாடும் அதிலே உண்டு. 13 வயதிலிருந்து 17 வயது வரையுள்ள பிள்ளைகளில் நூற்றுக்கு 7 பேருக்கு மேல் ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்தது. நான் வாத்தியார் இல்லையா, உடனே கணக்குப் போட்டேன். ஐம்பது பேர் வகுப்பிலே மூணு பேர், நாலு பேர். இருபத்தாறு வருஷத்திலே எத்தனை மூணு நாலு என் முன்னாலே உட்கார்ந்து எழுந்து போயிருக்கும்! எத்தனை பேரை ‘சோம்பேறி’ என்றேன், எத்தனை பேரைத் ‘திமிர் பிடிச்சவன்’ என்றேன்! பெரியவர்களாகும்போது காணுகிற மன நோய்களில் பாதி, 14 வயதுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதே நிம்ஹான்ஸ் ஆய்வு இன்னொன்றும் சொன்னது. மதுவால் வரும் நோய் உள்ளவர்களில் நூற்றுக்கு 86 பேர் சிகிச்சைக்கே வரவில்லை. நோய் இருக்கிறது, மருந்து இருக்கிறது. நடுவிலே ஏதோ ஒன்று குறுக்கே நிற்கிறது. அது எது என்பதுதான் இன்றைய வழக்கு.

அதற்குச் சாட்சி சொல்ல நான் யாரையும் வெளியிலிருந்து கூப்பிடப் போவதில்லை. நானே சாட்சி. குற்றவாளியும் நானே. (அமைதி)

என் தங்கை மகன் கதை இது. மேடையிலே சொல்லலாமா என்று அவனிடமே கேட்டேன். “பேரை மட்டும் சொல்லாதீங்க பெரியம்மா. மத்ததெல்லாம் சொல்லுங்க” என்றான். அந்த அனுமதியோடு சொல்கிறேன்.

தங்கை வீடு கும்பகோணம் பக்கம். மாப்பிள்ளைக்கு மளிகைக் கடை. மூத்தது பெண், இளையது இவன். பத்தாவது வரைக்கும் வாய் ஓயாமல் பேசுகிற பிள்ளை. பத்தாவது பரீட்சை நேரத்திலேயிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு குறைந்தது. பகலெல்லாம் படுத்திருப்பான். ராத்திரி விழித்திருப்பான். கிரிக்கெட் மட்டை பரணுக்குப் போய்விட்டது. “படிக்கிற பையன், அப்படித்தான் இருப்பான்” என்றோம். யாராவது ஒருத்தர், “ஏம்ப்பா, தூக்கம் வரலியா?” என்று கேட்டோமா? கேட்கவில்லை. “மார்க் ஏன் குறைஞ்சுது?” என்று மட்டும் வரிசையாக நின்று கேட்டோம்.

பிளஸ் டூ தொடங்கின புதுசு. ராத்திரி பதினொரு மணிக்குத் தங்கையிடமிருந்து போன். “அக்கா...” என்றாள், அப்புறம் பேச்சே வரவில்லை, அழுகைதான் வந்தது. அவன் பள்ளிக்கூடப் பையிலே ரெக்கார்டு நோட்டுக்கு நடுவிலே குவார்ட்டர் பாட்டில். அப்பா பெல்ட்டைக் கழற்றி அடித்திருக்கிறார். பிள்ளை வாங்கிக்கொண்டு நின்றானாம், ஒரு சத்தம் போடவில்லையாம். “என்னக்கா செய்யறது?” என்று கேட்டாள்.

நான் படித்தவள். எம்.ஏ., பி.எட். மேடையிலே பேசுகிறவள். நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்? “காலையிலே முதல் பஸ்ஸிலே வர்றேன், டாக்டர்கிட்டே கூட்டிட்டுப் போவோம்” என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது என்ன தெரியுமா? “யார்கிட்டேயும் மூச்சு விடாதே. பெரியவளுக்கு வரன் பார்த்துக்கிட்டிருக்கோம். வெளியிலே தெரிஞ்சா ஒருத்தன் வாசப்படி ஏறுவானா? பள்ளிக்கூடத்துக்கு மஞ்சக் காமாலைன்னு லெட்டர் கொடுத்துடு.”

ஊர் சொல்லவில்லை அய்யா இதை. ஊர் அப்போது தூங்கிக்கொண்டிருந்தது. நான்தான் சொன்னேன். (கைதட்டல்)

வேண்டாம், இதற்குக் கைதட்டாதீர்கள்.

மஞ்சள் காமாலை என்ற செய்தி தெருவிலே பரவியது. எதிர் வீட்டு அம்மா என்ன செய்தார் தெரியுமா? வயல் வரப்பிலே தேடிக் கீழாநெல்லி பறித்து, அரைத்து, மோரிலே கலக்கி, விடிகாலையிலே டம்ளரோடு வந்து நின்றார். “வெறும் வயித்துலே குடிடா கண்ணு, ஒரு வாரத்துலே இறங்கிடும்.” ஒரு நாள் இல்லை, ஒரு வாரம். உப்பில்லாப் பத்தியம் வேறு. எந்த ஊர் வாய்க்கு நாங்கள் பயந்தோமோ, அந்த ஊர் ஒரு வாரம் எங்கள் வீட்டு வாசலிலே மருந்தோடு நின்றது! இல்லாத நோய்க்கு ஊரே மருந்து கொண்டுவந்தது. இருக்கிற நோய்க்கு வீட்டிலே ஒரு வார்த்தை இல்லை.

பின்னாலே ஒரு நாள் அவன் என்னிடம் சொன்னான். “பெரியம்மா, அந்த அம்மா டம்ளரை நீட்டறப்பல்லாம் உண்மையைச் சொல்லிடலாமான்னு இருக்கும். பின்னாடி நின்னு அம்மா கண்ணைக் காட்டுவாங்க. எனக்கு வந்தது வெளியே சொல்லக்கூடாத அளவுக்குக் கேவலமான வியாதின்னு அப்பத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.”

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனிக்கணும் நடுவர் அவர்களே. ஊர் அந்தப் பிள்ளையை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊருக்கு எதுவுமே தெரியாது. ஆனாலும் அவன் வெட்கப்பட்டான். அந்த வெட்கத்தை அவனுக்குக் கற்றுக் கொடுத்தது அம்மாவின் கண். அந்தக் கண்ணுக்குக் கற்றுக் கொடுத்தது பெரியம்மாவின் போன்.

“என்கிட்டேயாவது சொல்லியிருக்கலாமேடா?” என்று கேட்டேன். “நீங்கதானே பெரியம்மா லீவுக்கு வர்றப்ப சாப்பிட உட்கார்ந்து, உங்க கிளாஸ் பையனைக் கீழ்ப்பாக்கம் கேஸ்னு சொல்லிச் சிரிப்பீங்க?” என்றான். அதற்கு மேலே நான் எதைக் கேட்பது?

எட்டு மாதம் இப்படியே ஓடியது. ஒரு ராத்திரி பையன் வீடு திரும்பவில்லை. தேடி ஓய்ந்து போனோம். விடியற்காலை நாலரை மணிக்குக் கடைத்தெருவிலிருந்து போன். காவிரிப் படித்துறையிலே தனியாக உட்கார்ந்திருந்தவனை, டீக்கடைக்காரர் ஒருத்தர் பார்த்திருக்கிறார். அவன் எதற்காக அங்கே போனான் என்பதை இந்த மேடையிலே நான் சொல்லப் போவதில்லை. பிள்ளைகளைப் பெற்றவர்களுக்குப் புரியும். அந்த மனிதர் ஒன்றுமே கேட்காமல் பக்கத்திலே உட்கார்ந்திருக்கிறார். “வா தம்பி, பால் இப்பத்தான் வந்துச்சு” என்று கடைக்குக் கூட்டிப்போய் டீ போட்டுக் கொடுத்து, அவன் வாயாலேயே நம்பரை வாங்கிப் போன் பண்ணியிருக்கிறார்.

நாங்கள் போய்ச் சேர்ந்ததும் மாப்பிள்ளையைத் தனியே அழைத்து அவர் சொன்னார்: “என் தம்பியும் இப்படித்தாங்க இருந்தான். தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியிலே மனநலப் பிரிவிலே காட்டினோம். இப்ப லாரி ஓட்டுறான், ரெண்டு பிள்ளைங்க. நீங்களும் காட்டுங்க. வெட்கப்படாதீங்க.”

எதிரணி நண்பர்களே, இதுதான் நீங்கள் குற்றம் சாட்டுகிற ஊர் வாய்! எங்கள் வீட்டுக்கு டாக்டர் விலாசம் சொன்னதே அந்த ஊர் வாய்தான்! (நீண்ட கைதட்டல்)

அன்றைக்கே போனோம். டாக்டர் எங்களையெல்லாம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, முதலிலே அவனிடம் பேசினார். என்ன கேட்டார் என்று பிறகு அவனே சொன்னான். “ஏன் குடிச்சே?” என்று கேட்கவில்லை. “எப்ப இருந்து தூக்கம் இல்லே?” என்று கேட்டிருக்கிறார். அந்த ஒரு கேள்விக்கு அவன் அரைமணி நேரம் அழுதிருக்கிறான். தூக்கம் போனது பத்தாம் வகுப்பிலே. குடி வந்தது பிளஸ் ஒன்னிலே. “தூங்கறதுக்குத்தான் சார் குடிச்சேன்” என்றானாம்.

டாக்டர் பிறகு எங்களுக்கும் விளக்கினார். மனச்சோர்வு என்ற நோய் முன்னாலே வந்தது. அதற்கு மருந்தென்று நினைத்து இவனாக மதுவைத் தேடிக்கொண்டான். மது முதலிலே கண்ணை மூட வைக்கும், நடு ராத்திரியிலே தட்டி எழுப்பிவிடும். சோர்வை ஆழமாக்கும். அப்புறம் அந்தச் சோர்வுக்கு இன்னும் கொஞ்சம் மது. செக்கு மாடு மாதிரி சுற்றல். இருபது வயது தாண்டியும் மூளை வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. அதிலும் ஆசையை அடக்கி யோசிக்கிற பகுதி கடைசியிலேதான் முதிர்கிறது. அதனாலே பிள்ளை வயதிலே இந்தப் பழக்கம் வேகமாகப் பிடித்துக்கொள்கிறது. இரண்டு நோய்க்கும் சேர்த்துப் பார்த்தால்தான் விடிவு. குடியை மட்டும் பார்த்தாலும் போதாது, மனசை மட்டும் பார்த்தாலும் போதாது என்றார்.

இங்கே எதிரணியின் இரண்டு வாதங்களுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். ஒன்று, “மதுக்கடை இருக்கிறதனாலேதான் எல்லாம்” என்றார்கள். 21 வயதுக்குக் கீழே விற்கக்கூடாது என்று தமிழ்நாட்டிலே விதி இருக்கிறது. எங்கள் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்க ஒரு ‘அண்ணன்’ இருந்தார். கடையைப் பற்றித் தனியாக ஒரு பட்டிமன்றம் வையுங்கள், நானே கடைக்கு எதிராகப் பேச வருகிறேன். இன்றைய தலைப்பு, பிள்ளை எப்படி விழுந்தான் என்பது இல்லை. விழுந்தவனைத் தூக்கவிடாமல் கையைப் பிடித்தது யார் என்பது.

இரண்டாவது, “அந்தக் காலத்திலே நாலு சாத்து சாத்தி ரூமிலே போட்டுப் பூட்டினா எல்லாம் திருந்தினான்” என்றார் அம்மையார். அம்மா, நீண்ட நாளாக அதிகமாகக் குடித்தவர் வைத்தியர் இல்லாமல் திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும். வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிருக்கே ஆபத்தாக முடியலாம். பூட்டு ஒரு வைத்தியம் இல்லை. “மனநல மாத்திரை சாப்பிட்டா அதுக்கே அடிமையாயிடுவான்” என்றும் ஒரு பயம் நம்ம வீடுகளிலே உண்டு. மனச்சோர்வுக்குத் தருகிற மாத்திரைகளுக்கு மதுவைப் போல ஏங்க வைக்கிற குணம் கிடையாது. டாக்டரைக் கேட்காமல் நாமாகத் திடீரென்று நிறுத்தக்கூடாது, அவ்வளவுதான்.

மூடி மறைப்பது கடைசியிலே எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6, அதிகாலை. தனியார் காப்பகம் ஒன்றின் கீற்றுக் கொட்டகையிலே தீப்பிடித்தது. உள்ளே இருந்த மனநோயாளிகளிலே பலர் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 25-க்கும் மேற்பட்டவர்கள் கருகிப் போனார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே அதை வழக்காக எடுத்துக்கொண்டது. பிறகு 2017-இல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், சங்கிலி போடுவதையே தடை செய்தது. நோயாளியின் விவரத்தை மருத்துவர் வெளியே சொல்லக்கூடாது என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்று பயப்படுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் நடுவர் அவர்களே, சட்டம் இரும்புச் சங்கிலியைத்தான் அறுக்க முடியும். ‘வெளியே சொல்லாதே’ என்று வீட்டிலே போடுகிற சங்கிலியை எந்தச் சட்டம் அறுக்கும்?

நாம்தான் அறுக்க வேண்டும். அறுத்துக் காட்டியவர்கள் இருக்கிறார்கள். சென்னையிலே சாந்தி ரங்கநாதன் அம்மையார். கணவரை மதுவுக்குப் பறிகொடுத்தவர். பேர் பெற்ற பெரிய குடும்பம். மூடி வைத்திருக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள்? அவர் மூடவில்லை. இது குணக்கேடு இல்லை, சிகிச்சை தர வேண்டிய நோய் என்று சொல்லி, கணவர் பெயரிலேயே 1980-இல் குடிநோயாளிகளுக்காக ஒரு நிறுவனம் தொடங்கினார். 1992-இல் பத்மஸ்ரீ வந்தது. ஒரு வீடு வாய் திறந்ததாலே எத்தனையோ வீடுகளிலே விளக்கு எரிந்தது! (கைதட்டல்)

எங்கள் வீட்டுக்கு வருகிறேன். எல்லாம் சுபம் என்று சினிமா மாதிரி முடிக்கமாட்டேன். அந்த வருஷம் அவன் பிளஸ் டூ எழுதவில்லை. நடுவிலே ஒரு தடவை சறுக்கினான். சொந்தக்காரர் கல்யாணத்திலே யாரோ ஊற்றிக் கொடுத்தார்கள். முன்னாலேயாக இருந்தால் ஒளித்திருப்பான். இந்தத் தடவை மறுநாள் காலையிலே அவனே அப்பாவிடம் வந்து சொன்னான். பெல்ட் எடுத்த அந்த அப்பா, செருப்பை மாட்டிக்கொண்டு, “வா, டாக்டரைப் பாத்துட்டு வந்துடலாம்” என்றார். அந்த ஒரு வார்த்தைதான் எங்கள் வீட்டிலே நடந்த பெரிய வைத்தியம் என்று நினைக்கிறேன்.

பெண்ணுக்கு வந்த வரனிடம் உள்ளதை உள்ளபடி சொன்னோம். அந்த வரன் போய்விட்டது. எதிரணி சொன்னது பொய் என்று நான் சொல்லவே இல்லை. ஊர் வாய்க்கு ஒரு விலை உண்டு. அதைக் கொடுத்தோம். பிறகு வேறிடத்திலே கல்யாணம் நல்லபடி முடிந்தது. வரன் ஒன்று போனால் இன்னொன்று வரும் அய்யா. படித்துறையிலே அன்றைக்கு அந்த டீக்கடைக்காரர் பார்க்காமல் போயிருந்தால், போனது திரும்பி வந்திருக்குமா? (கைதட்டல்)

வள்ளுவர் கள்ளுண்ணாமை என்று ஓர் அதிகாரம் வைத்தார். தொண்ணூற்று மூன்றாவது. குடியைக் கண்டிப்பதற்கு எல்லாரும் அதை எடுத்துக்கொண்டு ஓடி வருகிறோம். ஆனால் ரெண்டே அதிகாரம் தள்ளி, தொண்ணூற்று ஐந்தாவதாக அவர் என்ன வைத்தார்? மருந்து! நாம்தான் தொண்ணூற்று மூன்றிலேயே புத்தகத்தை மூடிவிடுகிறோம். (பலத்த கைதட்டல்) அந்த மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறளிலே, வைத்தியத்துக்கு நாலு பேர் வேண்டும் என்கிறார். நோயாளி ஒன்று, வைத்தியர் இரண்டு, மருந்து மூன்று. நாலாவது யார்? பக்கத்திலே இருந்து பார்த்துக்கொள்கிறவர். முதல் மூன்றும் நம் நாட்டிலே இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலே மனநலப் பிரிவு இருக்கிறது. வீட்டை விட்டு இறங்கவே தயக்கம் என்றால் 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் இருக்கிறது. 14416 என்று அழுத்தினால் ராத்திரி ரெண்டு மணிக்கும் தமிழிலேயே பேசலாம். அந்த நாலாவது ஆள்தான் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறார். அந்த நாலாவது ஆள் ஊர் இல்லை. நீங்களும் நானும்.

(நடுவர் மணி அடிக்கிறார்)

மணி அடித்துவிட்டீர்கள். அய்யா, ஒரே நிமிஷம். டிவி பார்த்துக்கொண்டிருக்கிற தாய்மார்களுக்கு ஒன்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். இன்றைக்கு ராத்திரி பிள்ளைக்குச் சாப்பாடு போடும்போது மார்க்கைக் கேட்காதீர்கள். “ராத்திரி நல்லா தூங்குறியாப்பா?” என்று கேட்டுப் பாருங்கள். பதில் உடனே வராது. அடுத்த நாளும் கேளுங்கள். பதில் வருகிறபோது அடிக்காதீர்கள், அழாதீர்கள், என்னை மாதிரி மஞ்சள் காமாலை என்று லெட்டர் எழுதாதீர்கள். கூட்டிக்கொண்டு போங்கள்.

என் தங்கை மகன் இப்போது டிப்ளமா கடைசி வருஷம் படிக்கிறான். மாத்திரையின் அளவைக் குறைத்திருக்கிறார்கள். நாளைக்கு என்ன என்று எனக்குத் தெரியாது. இன்றைக்கு அவன் பேசுகிறான். இந்த மேடைக்குக் கிளம்பும்போது போன் பண்ணி, “வேற ஏதாவது சொல்லணுமாடா?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னான்: “கீழாநெல்லி ரொம்பக் கசப்புன்னு சொல்லுங்க பெரியம்மா. சும்மா குடிக்க வச்சிட்டீங்க.” (சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் அவர்களே! ஊர் வாய் கசப்புதான். ஆனால் என் பிள்ளையைக் கசப்பு குடிக்க வைத்தது ஊர் இல்லை, எங்கள் வீட்டு மௌனமே. என் குற்றத்தை நானே ஒப்புக்கொண்டுவிட்டேன். தீர்ப்பு உங்கள் கையிலே.

(நீண்ட கைதட்டல்)